பொந்து மரங்களின் பட்டியல்

மகளிர் விடுதி, சேலம்
28.6.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். நான் சௌக்கியம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? அம்மா இருமலுக்குக் கஷாயம் குடிக்கிறாளா, வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே ஊற்றுகிறாளா?

சின்னசேலத்தில் ரயில் கிளம்பும்போது நீ ஜன்னல் வழியே போட்ட கொய்யாப்பழங்கள் ஹாஸ்டல் வாசலைத் தாண்டவில்லை. பெரியநாயகி மட்டும் தன் பங்கைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தாள். இறுதியாண்டிலும் எங்களுக்கு ஒரே அறை கிடைத்துவிட்டது.

மே மாதம் ஒன்பது நாள் நம் வீட்டில் தங்கி அவள் உதவியிராவிட்டால் என் ஆய்வு ஆரம்பமாகியே இருக்காது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை சாலையோரப் புளியமரங்கள் நூற்றுப்பன்னிரண்டு. நீ சணல் கயிற்றைச் சுற்றிப் பிடித்தாய், நான் அளந்து எழுதினேன், அவள் விரலை மடக்கி ஒவ்வொரு மரத்தையும் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். மலையில் தேன் எடுக்கிறவர்கள் அப்படித்தான் பொந்து இருக்கும் மரத்தைக் கண்டுபிடிப்பார்களாம். சோறு கொண்டுவந்த அம்மா, "ஏம் பொண்ணு, மரத்த இன்னாத்துக்குத் தட்டினு கீற?" என்று கேட்டதும், அவள் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு, "உள்ள ஆளு இருக்காங்களான்னு பாக்கறேங்கம்மா" என்றதும் நினைவிருக்கிறதா? எங்கள் பேராசிரியை இதைக் கேட்டுவிட்டு, அந்த முறையைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

மலைமேல் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிவரை வந்த முதல் பெண் அவள்தான். விடுமுறைக்குப் போனால் ஊரே தபால்களை எடுத்துக்கொண்டு வந்து உட்காருமாம், படித்துக்காட்டச் சொல்லி. "கெட்ட சேதி இருந்தா இன்னா செய்வ?" என்று கேட்டேன். "ஒரு வரி விடாமப் படிப்பேன். விட்டா எம் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிடுவாங்க" என்றாள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம்.

அன்புத் தங்கை,
செல்வி

*

கச்சிராயபாளையம்
19.7.1987

அன்புத் தங்கை செல்விக்கு ஆதிமூலம் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவின் கால் தேவலை. கஷாயம் ஜன்னலுக்கு வெளியேதான் போகிறது.

கண்டக்டர் வேலைக்குப் போன நேர்முகம் இந்த முறையும் இல்லை என்று ஆகிவிட்டது. மூன்றாவது முறை. பத்தாவதில் என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கினவன் எனக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா, "உன் தங்கச்சி கூட்டாளி கீறாளே, அந்த மலைப் பொண்ணு, படிச்சு முடிச்சா நேரா ஆபீசரு. உனக்கு மாடுதான்" என்றாள். அவள் மனதில் வைத்துச் சொல்லவில்லை. பெரியநாயகியிடம் சொல்லாதே. எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

கள்ளக்குறிச்சியில் கூட்டம் போட்டார்கள். நம் ஜனங்களுக்கென்று தனியாக ஒதுக்கீடு கேட்கிறோம். நான் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போனவனில்லை, உனக்குத் தெரியும். இதற்குப் போனேன். எனக்கு வயது ஏறிவிட்டது. உனக்காகவாவது கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

*

சேலம்
9.8.1987

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கல்லூரியிலும் இப்போது அதே பேச்சுத்தான். போன வாரம் வகுப்பில் ஒருத்தி பெரியநாயகியைப் பார்த்து, "உனக்கென்ன, சலுகை இருக்கு" என்றாள். இவள் கோபப்படவில்லை. "ஆமாங்க. எங்க ஊருல பள்ளிக்கூடம் கெடையாது, பஸ்ஸு கெடையாது, டாக்டரு கெடையாது. எல்லாத்தயும் சேத்து ஒரே சீட்டா குடுத்துட்டாங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. கேட்டவளும் சிரித்துவிட்டாள். அறைக்கு வந்த பிறகு, உன்னைப் பற்றிச் சொன்னேன் (அம்மா சொன்னதை அல்ல). "அண்ணன் கேக்கறது ஞாயந்தான். கேக்காம யாரு குடுத்தாங்க" என்றாள்.

மூன்று வருடத்தில் இங்கே என்ன படித்தாய் என்று அப்பா கேட்பாரே, அதற்கு இந்த வாரம் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. மரத்தின் நடுக்கட்டை செத்துப்போன பகுதி. உயிர் இருப்பதெல்லாம் பட்டைக்குக் கீழே, ஒரு விரல் கனம்கூட இல்லாத வளையத்தில். அதனால்தான் உள்ளே ஒன்றுமே இல்லாமல்கூட ஒரு புளியமரம் அறுபது வருடம் காய்க்கிறது. பரீட்சைக்காகப் படித்ததுதான். ஆனால் மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வி

*

கச்சிராயபாளையம்
30.8.1987

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். மழை போதவில்லை. மணிலாக் கடலை ஒரு மாதிரி நிற்கிறது.

ஒரு சின்ன உதவி. நீங்கள் அளந்த புளியமரங்களில் பொந்து உள்ளவை எவை எவை என்று நம்பர் போட்டு எழுதி அனுப்பு. நம் சின்னதுரை மாமா இந்த வருடம் சாலைப் புளி ஏலம் எடுக்கப்போகிறார். பொந்து மரத்தில் காய் குறைவு என்கிறார், தெரிந்துகொண்டால் நல்லது என்றார். சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

நிறைய எழுத நேரமில்லை.

அண்ணன்

*

சேலம்
6.9.1987

அன்புள்ள அண்ணா,

நலமே. பட்டியல் கேட்டிருந்தாய். உள்ளே வைத்திருக்கிறேன். பெரியநாயகிதான் நோட்டைப் பார்த்துத் தன் கையால் எழுதித் தந்தாள். என் எழுத்து மாமாவுக்குப் புரியாது என்று கேலி வேறு. ஏழு மரங்கள்: 12, 19, 31, 47, 58, 80, 96. எல்லாம் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து நெடுஞ்சாலைக்காரர்கள் மரத்தில் எழுதியிருக்கும் எண்கள். 47தான் மோசம், சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்குத்தான் கட்டை இருக்கிறது, மற்றது வெறும் கூடு. ஆனால் மாமாவிடம் சொல், பொந்துக்கும் காய்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. அந்த 47 போல வேறெதுவும் காய்க்கவில்லை.

பெரியநாயகி வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறாள். உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் புதிதாக வேண்டுமாம், கள்ளக்குறிச்சியில் நேரில் நின்று வாங்கவேண்டும். மாதக் கடைசிக்குள் கொண்டுவந்து கொடுக்காவிட்டால் ஹாஸ்டலில் இடம் போய்விடும். அவள் வழியில் நம் வீட்டுக்கு வந்தால் அம்மாவை நல்லபடியாகப் பேசச் சொல்.

செல்வி

*

சேலம்
1.10.1987

அன்பான பெரியநாயகிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமா? உன் அண்ணன் வேடியப்பனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல். இங்கே நான் சுகம், அறைதான் சுகமில்லை. நீ இல்லாமல் யாரும் ஜன்னலைச் சாத்த நினைவூட்டுவதில்லை, மழைத் தண்ணீர் உன் கட்டில்வரை வந்துவிட்டது. மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் முடிந்து பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டன என்கிறார்கள். ஆனால் நீ வரவில்லை. நேற்றோடு கெடு முடிந்தது. வார்டனிடம் கெஞ்சி அக்டோபர் பதினைந்துவரை தவணை வாங்கியிருக்கிறேன். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீ வந்துவிடு.

சாலை மறியலில் மரங்களை வெட்டிப் போட்டார்களாம். நம் மரங்கள் என்ன ஆயினவோ. நீ எழுதிக் கொடுத்த பொந்து மரப் பட்டியலை அன்றே அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததா என்று அவன் ஒரு வரி எழுதவில்லை. நீ மலையிலிருந்து இறங்கும்போது 47 நிற்கிறதா என்று பார்த்து வா.

உன் கொய்யாப்பழம் ஒன்று தலையணை உறைக்குள் காய்ந்து கிடந்தது. எறியவில்லை. நீயே வந்து எறி.

உன் தோழி,
செல்வி

*

சேலம்
24.10.1987

அன்புள்ள அண்ணா,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? நலம் என்று ஒரு வார்த்தை எழுதக்கூட உனக்கு இத்தனை நாள் கை வரவில்லை. தீபாவளிக்கு வர வேண்டாம் என்று அப்பா தந்தி அடித்திருந்தார். காரணம் இல்லை. ஹாஸ்டலில் நானும் சமையல்கார அம்மாவும் மட்டும் இருந்தோம்.

பெரியநாயகி இன்னும் வரவில்லை. கடிதத்துக்குப் பதிலும் இல்லை. பதினைந்தாம் தேதி தாண்டிவிட்டது. அவள் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள், சிவப்பு மையில். நீ ஒருநாள் கரியாலூருக்குப் போய் அவளைப் பார்த்து வரவேண்டும். உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்? வேடியப்பன் வீடு என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

இப்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. நடக்கும்போது தூண், கதவு, அலமாரி என்று எதையாவது விரலை மடக்கித் தட்டுகிறேன். நேற்று அவள் அலமாரியைத் தட்டினேன். துணிமணி எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. இருந்தும் காலியாக இருப்பது போல ஒலித்தது. காதை எடுக்கப் பயமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

போய் வந்து எழுது.

செல்வி

*

8.11.1987

தங்கை செல்விக்கு,

நலம். வேலையாக வெளியூர் வந்திருக்கிறேன். பொங்கலுக்கும் நீ வர வேண்டாம், வழக்குகள் நடக்கின்றன, வீட்டுக்குப் போலீஸ் வந்து போகிறது. படிப்பைப் பார்.

மலைக்குப் போக முடியவில்லை. மலையில் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடுவார்கள், அப்படி ஆகியிருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அந்தப் பெண்ணைப் பற்றி மேலும் விசாரிக்காதே.

ஆதிமூலம்

*

சேலம்
13.12.1987

பெரியநாயகிக்கு,

நலமா என்று கேட்கக் கோபமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்று என் அண்ணன் எழுதியிருக்கிறான். அண்ணன் கடிதத்தில் ஊர்ப்பெயர் இல்லை. உறையில் தபால் முத்திரை ரிஷிவந்தியம் என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்து அங்கே அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. எல்லோரும் எதையோ மறைக்கிறீர்கள். நீயும் சேர்ந்தா?

கல்யாணம் என்றால் சந்தோஷம்தான். ஒரு வரி எழுதக் கூடாதா? ஊருக்கெல்லாம் கடிதம் படிக்கிறவள், உனக்கு வந்ததைப் படிக்கமாட்டாயா?

உன் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். புத்தகங்களும் துணிகளும் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. உன் இடத்தில் வந்திருக்கும் முதலாண்டுப் பெண் நல்லவள். ஜன்னலைத் தானே சாத்துகிறாள்.

செல்வி

*

சேலம்
31.1.1988

அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நாங்கள் சேகரிக்கும் செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்துவோம். ஈரம் ஏறிய தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை மாற்ற வேண்டும். ஆய்வகத்தில் கட்டுக்கட்டாகப் பழைய தாள் வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு புளியங்கிளைக்குத் தாள் மாற்றும்போது கீழே ஒரு படம் தெரிந்தது. போன செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதித் தாள். சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் கிடக்கிறது. அடிமரம் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கிறது. வெள்ளைப் பட்டைக்கு மேல் நெடுஞ்சாலைக்காரர்கள் எழுதிய எண் தெளிவாகத் தெரிகிறது. 47.

சின்னதுரை மாமா ஏலம் எடுத்தாரா, அண்ணா?

பொந்து மரம் வெட்டச் சுலபம் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கிறது. நீ கேட்டபோது அது எனக்குத் தோன்றாதது ஏன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். பாடத்தை உனக்குச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

நான் கேட்க நினைத்தது இரண்டு கேள்வி. ஒன்றைத்தான் எழுதியிருக்கிறேன். மற்றது உனக்கே தெரியும். அவள் மலையிலிருந்து இறங்கி வரவேண்டிய சாலையும் அதுதான்.

செல்வி

*

கச்சிராயபாளையம்
21.2.1988

தங்கைக்கு,

மூன்று வாரமாக இதை எழுதுகிறேன். எழுதிக் கிழித்தேன். இப்போதும் எல்லாம் வருமா தெரியவில்லை.

மாமா ஏலம் எடுக்கவில்லை. அது பொய். சாலையை அடைக்க வேண்டும், ஆட்கள் குறைவு, ரம்பம் இரண்டுதான். சீக்கிரம் சாயும் மரங்கள் எவை என்று எனக்குத் தெரியும் என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன். அப்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. செப்டம்பர் பதினேழு காலையில் ஏழும் விழுந்தன. ஒவ்வொரு மரத்திடமும் ஒரு கூட்டம் நின்றது. நான் 12இல் நின்றேன்.

மறுநாள் காலை மலையிலிருந்து கடுக்காய் ஏற்றும் ஜீப் ஒன்று வந்தது. ஓட்டுகிறவன் இறங்கிக் கத்தினான், பாம்பு கடிச்சிருக்கு, வழி விடுங்க என்று. "போலீஸ்காரன உள்ள வச்சுக்கினு வர்றான் பாரு" என்றான் எங்களில் ஒருவன். நாங்கள் நம்பவில்லை. கால் மணி நேரம் இருக்கும். பிறகு நான் போய் உள்ளே பார்த்தேன்.

சாமை அறுக்கப் போன இடத்தில் பெரியநாயகியைக் கடித்ததாம். கண்ணிமை தொங்கிவிட்டது. ஆனால் என்னைத் தெரிந்தது. "அண்ணா" என்றாள்.

மரத்தை நகர்த்த முடியவில்லை, செல்வி. ஓடிப்போய்க் கட்டில் கொண்டுவந்தோம். வேடியப்பன், நான், இன்னும் இரண்டு பேர். கிளைகளுக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினோம். அந்தப் பக்கம் வண்டி ஏது? சைக்கிள்கூட வராதபடி நாங்களே அடைத்திருந்தோம். நடந்தோம். அடுத்த மரத்தைப் பார்த்ததும், "பத்தொம்பதா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் கடந்தோம். பிறகு சொன்னாள்: "எங் கையெழுத்துலதானே இருந்திச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முப்பத்தொன்றையும் அவளே சொன்னாள். நாற்பத்தேழில் ஆட்கள் கிளையை வெட்டி வழி செய்யும்வரை கட்டிலை இறக்கி வைத்தோம். அடிமரம் பக்கத்திலேயே கிடந்தது. அவளால் கையைத் தூக்க முடியவில்லை. "தட்டிப் பாருங்கண்ணா" என்றாள். நான் தட்டவில்லை. ஐம்பத்தெட்டு வந்தபோது அவள் எண்ணைச் சொல்லவில்லை.

வேடியப்பனுக்குப் பட்டியல் தெரியாது. மரம் வெட்டினவர்களில் நானும் ஒருவன் என்று தெரியும், அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் தூக்கினு வந்தீங்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகுதான் நான் ரிஷிவந்தியம் போய் ஒளிந்தேன். போலீசுக்காக என்று வீட்டில் நினைத்தார்கள்.

ஜனவரியில் கரியாலூர் போனேன், சொல்லிவிட வேண்டும் என்று. உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், தேன் ஊற்றினார்கள். நான் சாப்பிட்டேன். உன் இரண்டு கடிதமும் அவள் புத்தகத்தோடு பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். வாத்தியார் படிக்கிறேன் என்றாராம், வேடியப்பன் கொடுக்கவில்லை. அவ பேருக்கு வந்தது, வேத்தாளு எப்பிடிப் பிரிக்கறது என்கிறார். என்னைப் படிக்கச் சொன்னார். என் தங்கச்சி வந்து படிப்பா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எல்லாம் தெரியும். உனக்குப் பரீட்சை முடியட்டும் என்றார்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

ஆதிமூலம்

*

சேலம்
2.3.1988

அண்ணா,

நலம் விசாரிக்காமல் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது.

கிழிக்கவில்லை. ஆய்வு நோட்டில் வைத்திருக்கிறேன். ஏழு வரிகளுக்கு எதிரே "வெட்டப்பட்டது" என்று எழுதியதைப் பார்த்துப் பேராசிரியை, "எப்படி இவ்வளவு சரியாக இந்த ஏழு மட்டும்?" என்று கேட்டார். பட்டியல் நாங்கள் கொடுத்தது என்றேன்.

நீ கேட்ட ஒதுக்கீடு தவறு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவளும் சொல்லவில்லை. கிடைத்தால் அதில் எனக்கும் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் உட்காரும்போதெல்லாம் நான் தட்டிப் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். இது உனக்கான தண்டனை இல்லை, எனக்கு வந்துவிட்ட பழக்கம்.

வேடியப்பனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. போனால் அதைப் படித்துக்காட்ட அந்த வீட்டில் ஆளில்லை. இருந்த ஒருத்தியும் இல்லை.

அதனால் நேரில் வருகிறேன். பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, காலை ரயில். சின்னசேலத்துக்கு வந்து நில். அவள் துணிகளும் புத்தகங்களும் இருக்கின்றன, தூக்க உன் கை வேண்டும். வீட்டுக்குப் பிறகு போகலாம். முதலில் கரியாலூர்.

என் தங்கச்சி வந்து படிப்பாள் என்று நீ சொல்லிவிட்டாய். படிக்கிறேன். அக்டோபர் ஒன்றாம் தேதிக் கடிதத்தின் மூன்றாவது பத்தியில், பொந்து மரப் பட்டியலை அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன் என்று ஒரு வரி இருக்கிறது. எழுதும்போது அதற்கு ஒரு கனமும் இல்லை. அதைத் தாண்டிப் படித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர்கள் இத்தனை வருடம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடிதம் கேட்டவர்கள்.

நீ வாசலில் நிற்காதே. வேடியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார். அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டால், கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மீதியை நீ படி.

செல்வி